130-வது பிரிவு உங்கள் கையில் இருக்கிறது

மதிப்பிற்குரிய இந்தியத் தலைமை நீதிபதி அவர்களுக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் வணக்கம்.

உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு வெளியேயும் அமர வேண்டும் என்று கேட்டு, கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு ஒரு நிலத்தகராறு, இரண்டாம் மேல்முறையீடு வரை போனது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வாய்தா என்றால் முந்தின நாளே கேஸ் கட்டோடு நாகர்கோவிலில் ரயில் ஏறுவார். ஏறக்குறைய 700 கிலோமீட்டர். போய் நின்றால், "அடுத்த மாசம் வாங்க." 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்தது. அப்புறம் விடியற்காலை பஸ் பிடித்துப் போய்விட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார்.

மதுரையில் கிளை வந்ததால் உயர் நீதிமன்றம் உடைந்துபோகவில்லை. தலைமை நீதிபதி ஒருவர்தான். எங்கே உட்கார்ந்து எழுதினாலும் தீர்ப்புக்கு மதிப்பு ஒன்றுதான். பம்பாய் உயர் நீதிமன்றம் நாக்பூர், ஔரங்காபாத், கோவா என்று உட்கார்கிறது. 2025 ஆகஸ்டில் கோலாப்பூரும் சேர்ந்தது.

உச்ச நீதிமன்றம் மட்டும் டெல்லியை விட்டு நகரக் காணோம். இதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. டெல்லியிலோ, குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் தலைமை நீதிபதி குறிக்கும் வேறு இடங்களிலோ அமரலாம் என்று அரசியல் சாசனத்தின் 130-வது பிரிவே சொல்கிறது. ஒப்புதல் குடியரசுத் தலைவருடையது, முதல் கையெழுத்து உங்களுடையது. சட்ட ஆணையம் 2009-இல் தன் 229-வது அறிக்கையில், அரசியல் சாசன வழக்குகளை டெல்லியில் வைத்துக்கொண்டு, மேல்முறையீடுகளுக்கு நான்கு மண்டல அமர்வுகள் அமைக்கச் சொன்னது. தெற்குக்குச் சென்னை அல்லது ஹைதராபாத். நீங்கள் கூடிப் பேசி, தேவையில்லை என்று பலமுறை சொல்லிவிட்டீர்கள்.

நீதிபதி நியமனத்தில் அரசு கை வைத்தபோது, நாடாளுமன்றம் நிறைவேற்றிய 99-வது திருத்தத்தையே 2015-இல் ரத்து செய்தவர்கள் நீங்கள். அதை நான் குறை சொல்லவில்லை. உங்கள் அதிகாரத்தைக் காப்பதில் காட்டிய அந்த வேகம், எங்களுக்குப் பயன்படும் அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்துவதில் ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

காணொளி விசாரணை இருக்கிறதே என்பீர்கள். சரி, பெரிய உதவிதான். ஆனால் வக்கீல் வைத்து மனு போட வேண்டுமென்றால் 'அட்வகேட் ஆன் ரெக்கார்ட்', அதாவது உங்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப் பதிவு பெற்ற வக்கீல் ஒருவர் வேண்டும். அவருடைய அலுவலகம் உங்கள் நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம்! இது நாடாளுமன்றம் போட்ட சட்டமல்ல, நீங்களே வகுத்த 2013-ஆம் ஆண்டு விதி. முன்சீப் கோர்ட்டிலிருந்து வழக்கை நடத்திவந்த எங்கள் ஊர் வக்கீல் உங்கள் முன் வாதாடலாம். தாக்கல் செய்ய முடியாது. ஆக, திரையில் விசாரணை நடந்தாலும் டெல்லியில் ஒரு வக்கீலுக்குத் தனி ஃபீஸ். எதிர்த்தரப்பு அரசாகவோ பெரிய கம்பெனியாகவோ இருந்தால் அவர்களுக்கு இது செலவே இல்லை. எங்களைப் போன்றவர்கள் உயர் நீதிமன்றத்தில் தோற்றதும் கணக்குப் போட்டுப் பார்த்து, கேஸ் கட்டை மூட்டை கட்டிவிடுகிறோம்.

நிரந்தரக் கிளை உடனே வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஆண்டில் இரண்டு மாதம், இரண்டு நீதிபதிகள், சென்னையில் உட்கார்ந்து தென் மாநில மேல்முறையீடுகளைக் கேளுங்கள். அதற்கு முன்னால் அந்த 16 கிலோமீட்டர் விதியை எடுங்கள்.

முடியாது என்றால் காரணங்களை விரிவாக எழுதி வெளியிடுங்கள். மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுவை (எஸ்.எல்.பி.) தள்ளுவதுபோல் ஒரே வரியில் தள்ளிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
வழக்காடிய ஒருவரின் மகன்