சகுமாவுக்கும் ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டை மையமாகக் கொண்ட அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவற்றை ஒரு பொருட்டாகக் கருதி அரைப்பக்கம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆனால், இத்தொடர்கள் யாவும் உழைப்பவன் வென்றே தீருவான் என்ற ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தச் செய்தியை முகத்துக்கு நேரே மறுக்கும் தொடர் ஒன்று 2014ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. அதன் பெயர்கூடக் கட்டுரையில் இல்லாததால் இக்கடிதத்தை எழுத நேர்ந்தது.

தாயோ மட்சுமோட்டோ 1996-97இல் வரைந்த மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதையைத் தழுவி, மசாக்கி யுவாசா இயக்கிய 'பிங் பாங் தி அனிமேஷன்' 11 அத்தியாயங்களே கொண்ட சிறிய தொடர். உயர்நிலைப் பள்ளிகளில் டேபிள் டென்னிஸ் ஆடும் ஐந்து இளைஞர்களின் கதை அது. அதில் கோடுகள் நடுங்கும், முகங்கள் கோணலாக நீளும், மங்காவின் பக்கத்தைப் போலவே திரை பல கட்டங்களாகப் பிளந்து ஒரு கட்டத்தில் மட்டையும் இன்னொன்றில் கண்ணும் வேறொன்றில் பந்தும் தெரியும். அழகான ஓவியங்களுக்குப் பழகியவர்கள் முதல் பத்து நிமிடங்களிலேயே எழுந்து போய்விடக்கூடும். நானும் ஒருமுறை அப்படி எழுந்தவன்தான்.

கதையின் தொடக்கத்திலேயே, தன்னை வெல்ல ஆளில்லை என்று திரியும் பெக்கோ, சீனாவிலிருந்து வந்த காங் வென்கேயிடம் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 11-0 என்று தோற்கிறான். அந்தக் காங் வென்கே, தன் நாட்டு அணியில் இடமிழந்து, திரும்பிச் செல்லும் வழி தேடி ஜப்பானுக்கு வந்தவன். இதன் பின் பெக்கோ விழுந்து எழுவது வழக்கமான கதைதான் என்பதால் அதை விரிக்கவில்லை. நான் சொல்ல விரும்புவது சகுமாவைப் பற்றி.

சகுமா சிறுவயதில் பெக்கோவுடனும், அவன் நண்பன் ஸ்மைலுடனும் ஒரே கூடத்தில் ஆடி வளர்ந்தவன். அந்நாளில் அவனுக்குப் பெக்கோதான் நாயகன். புகழ்பெற்ற பள்ளி அணியில் சேர்ந்து, இரவும் பகலும் பயிற்சி செய்து, ஒரு போட்டியில் அந்தப் பெக்கோவையே வீழ்த்தியும் விடுகிறான். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் உழைப்பின் வெற்றி என்று அங்கேயே கொடி ஏற்றியிருப்பார்கள். இங்கே அவன் தன் அணியின் அனுமதியின்றி ஸ்மைலைத் தேடிச் சென்று ஆடித் தோற்கிறான். உன்னைவிடப் பல மடங்கு உழைத்தவன் நான், ஏன் நீ, ஏன் நானில்லை என்று கதறுகிறான். உனக்கு இந்த ஆட்டத்துக்கான திறமை இல்லை என்று ஸ்மைல் குரலை உயர்த்தாமல் பதில் சொல்கிறான். கோபமோ ஏளனமோ இல்லாத அந்தப் பதிலைக் கேட்டபோது, பள்ளி அணியில் நான்கு ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரனாகவே பெஞ்சில் அமர்ந்திருந்த எனக்கு, என்னிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை ஒருவர் சொல்லிவிட்டதைப் போல இருந்தது. வலித்தது, கூடவே ஏதோ ஒரு பாரமும் இறங்கியது.

சகுமா அத்துடன் ஆட்டத்தை விட்டு விலகுகிறான். ஆனால் தொடர் அவனை விட்டுவிடுவதில்லை. மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுற்றித் திரியும் பெக்கோவை மீண்டும் ஆடச் சொல்லித் தூண்டுபவன் அவனே. சகுமா இருந்த அதே பள்ளி அணியில் ஆடும், தோல்வியே அறியாத கசாமா, ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் கழிவறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வான். அணியின் பெயரும் குடும்பத்தின் எதிர்பார்ப்பும் அவனை அங்கே கொண்டுபோய் அடைக்கின்றன. மூடிய அந்தக் கதவுக்கு வெளியே நின்று அவனோடு பேசுபவனும் சகுமாதான். ஓயாமல் வென்றவன் உள்ளே பூட்டிக்கொண்டிருக்க, தோற்று விலகியவன் வெளியே தன் விருப்பப்படி நிற்கும் அந்தக் காட்சியில், எது வெற்றி என்ற கேள்விக்குத் தொடர் வெளிப்படையாகச் சொல்லாமலே பதில் தந்துவிடுவதாக நான் கருதுகிறேன்.

திறமை மட்டும் போதும் என்றும் இத்தொடர் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பெயருக்கு மாறாகச் சிரிக்கவே சிரிக்காத ஸ்மைல், எதிராளியின் தவிப்பைக் கண்டதும் கையைத் தளர்த்திவிடுபவன். காங்குடனான ஆட்டத்தில் அவன் அப்படித் தளர்த்தித் தோற்பது கருணை போலத் தோன்றினாலும், அந்த ஆட்டத்தையே வாழ்வாக நம்பி வந்தவனுக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை.

இத்தனைக்கும் பிறகு பெக்கோவும் ஸ்மைலும் மோதும் இறுதி ஆட்டத்தை யுவாசா முழுதாகக் காட்டாமல் சில ஆண்டுகள் தாண்டிச் சென்றுவிடுகிறார். பெக்கோ ஜெர்மனியில் தொழில்முறை ஆட்டக்காரனாக இருக்கிறான். ஸ்மைல் பள்ளி ஆசிரியராகும் எண்ணத்தில் இருக்கிறான். இருவரில் எவன் உயர்ந்தவன் என்று யாரும் கேட்பதில்லை.

கட்டுரையாளர் இதே பொருளில் மீண்டும் எழுதுவாரானால், இத்தொடரையும் பார்த்துவிட்டு எழுதுமாறு தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அப்போது பெக்கோவுக்கு ஒதுக்கும் வரிகளில் பாதியையாவது சகுமாவுக்குத் தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்