ஆத்தாவுக்கு, ஸ்கார்பரோவிலிருந்து

சிவமயம்

அன்புள்ள ஆத்தாவுக்கு, மெய்யம்மை எழுதிக்கொண்டது. நான் சுகமா இருக்கேன். அப்பச்சியும் நீங்களும் வளவுல மத்த எல்லாரும் சுகம்தானே?

"அந்த ஊரு உன்னைக் கெடுத்திருச்சு"ன்னு போன்ல சொன்னீங்க. அப்ப அழுகை முந்திக்கிச்சு, பதில் வரலை. அதான் எழுதறேன். கனடா என்னை மாத்தலை ஆத்தா. பிளேன் ஏறறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி, பள்ளத்தூர் வீட்டுல, உங்க கண்ணு முன்னாடியே, மகனா வளர்ந்த நான் ஒரு பொண்ணுன்னு எனக்குத் தெரிஞ்சுருச்சு.

சித்தி மகளுக்கு, பொண்ணுங்களுக்குன்னு உள்ள திருவாதிரைப் புதுமைச் சடங்கு செஞ்சப்ப, "எனக்கு எப்போ?"ன்னு உங்க முந்தானையைப் பிடிச்சுக் கேட்டேனே, நினைவிருக்கா? "உனக்குத்தான் பையங்களுக்குச் செய்யற கார்த்திகைப் புதுமை முடிஞ்சுருச்சேடா"ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நான் விளையாட்டுக்குக் கேக்கலை.

அப்புறம் குரல் உடைஞ்சுச்சு. சாமி வீட்டுல விளக்கேத்தினா தேவாரம் நான்தானே பாடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை பாதிப் பாட்டுல நிறுத்தினவ, அதுக்கப்புறம் பாடவே இல்லை. தொண்டைக்குள்ள வேற யாரோ உக்காந்துக்கிட்டு பேசற மாதிரி இருந்துச்சு. பள்ளிக்கூடத்துலயும் வாயைத் திறக்கறதில்லை. பிள்ளை அடக்கமா இருக்கான்னு வந்தவங்ககிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லுவீங்க. அந்த அடக்கம் முழுக்க பயம், ஆத்தா.

2019 ஜனவரியில, அப்பச்சி படிச்சிட்டு முகப்புல மடிச்சு வச்சிருந்த பேப்பர்ல நர்த்தகி நடராஜ் அம்மா படத்தைப் பார்த்தேன். மதுரைக்காரங்க. தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளைகிட்ட பரதம் கத்துக்கிட்டவங்க. திருநங்கை ஒருத்தருக்கு பத்மஸ்ரீ கிடைச்சது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் திருநங்கைன்னா பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் விரட்டறதைத்தான் நான் பார்த்திருந்தேன். அதே ஏப்ரல்ல, திருநங்கையும் இந்து திருமணச் சட்டப்படி மணமகள்தான்னு உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை தீர்ப்புச் சொல்லுச்சு. நான் அப்ப சின்னப் பொண்ணு, கல்யாணத்தைப் பத்தி என்ன கண்டேன்? ஆனா 'பொண்ணு'ன்னு என்னையே நினைச்சுக்கிட்டப்ப முதல் தடவையா வெக்கமும் வரலை, பயமும் வரலை. பதினாறு வயசுல வந்த அந்த நிம்மதி இன்னிக்கும் இருக்கு.

அதுக்கப்புறம் ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க. ஊசி போட்டா சரியாயிரும்னு அவர் சொன்னதை நம்பினீங்க. உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. பெத்தவங்களை அப்படி நம்ப வச்சவங்க மேலதான் கோபம். அப்படி 'மாத்தறோம்'னு வைத்தியம் பண்ணக் கூடாதுன்னு 2021-ல சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிருச்சு. இது நோயில்லைங்கறதை அப்பச்சிக்கும் எடுத்துச் சொல்லுங்க.

இங்க வேலை ஒரு முதியோர் இல்லத்துல. குளிர்தான் தாங்க முடியலை, மத்தபடி தமிழ்க்கடை பக்கத்துலயே இருக்கு, முருங்கைக்காய் கூடக் கிடைக்குது. யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருத்தங்க, "பிள்ளை, சாப்பிட்டியே?"ன்னு கேக்காம என்னை விடமாட்டாங்க. ஒண்டாரியோ சுகாதார அட்டையில ஆணா பொண்ணான்னு அச்சடிக்கறதை 2016-லேயே நிறுத்திட்டாங்க. அதனால ஆஸ்பத்திரி கவுண்டர்ல அட்டையை நீட்டும்போது எனக்குக் கை நடுங்கறதில்லை. எல்லா மாகாணமும் இப்படின்னு சொல்ல மாட்டேன். ஆல்பர்ட்டாவுல என்னை மாதிரிச் சின்னப் பிள்ளைங்களுக்கு ஹார்மோன் சிகிச்சையைத் தடுத்து 2024-ல சட்டம் போட்டாங்க. அந்தப் பிள்ளைங்களை நினைச்சா மனசு ஆறலை.

போன பிள்ளையார் நோன்புக்கு நம்ம நகரத்தார் ஒருத்தர் வீட்டுல கூடினோம். சேலை கட்டிக்கிட்டுப் போனேன். நூல் திரியை மாவுல வச்சு இழை எடுத்துக் குடுத்த பெரியவர், "எந்த ஊரு ஆத்தா, எந்தக் கோவில்?"னார். "பள்ளத்தூர், வைரவன் கோவில், பேரு மெய்யம்மை"ன்னேன். மாவோட எரியற இழையைக் கையில வச்சார். சுடரோட வாயில போட்டுக்கிட்டேன். நாக்குல நெய்யும் வெல்லமும். பக்கத்துல நின்ன ஆச்சி, "கொசுவம் நல்லா வச்சிருக்கே"ன்னாங்க. அவ்வளவுதான் நடந்துச்சு.

அப்பச்சி கவலை எனக்குப் புரியுது. மகன் கல்யாணம் பண்ணினா கோவில் கணக்குல ஒரு குடும்பமா புள்ளி கூடும்னு இருந்தாங்க. அது நடக்காது. அந்த வருத்தத்தை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஊர்ல வாரிசுக்குத் தத்துப் பிள்ளை கூட்டிக்கறது காலங்காலமா உள்ளதுதானே? அதை அவங்க நிதானமா யோசிக்கட்டும். மக ஒருத்தி இருக்காங்கறதை மட்டும் மறக்க வேண்டாம்.

மூத்தது பொண்ணாப் பிறந்திருந்தா அப்பத்தா பேரைத்தானே வச்சிருப்பீங்க? அதையேதான் நான் வச்சுக்கிட்டேன். மாமியார் பேரை நீங்க வாய்விட்டுச் சொல்லமாட்டீங்க, தெரியும். உங்க மாமனார், எங்க ஐயா பேரை எனக்கு வச்சப்பவும் 'தம்பி'ன்னுதானே கூப்பிட்டீங்க. இனிமே 'ஆச்சி'ன்னு கூப்பிடுங்க.

ஞாயித்துக்கிழமை வீடியோவுல வர்றேன். இந்த வருஷம் இழைமாவு நான் பிசையறதா ஒத்துக்கிட்டேன், பக்குவம் கேக்கணும். அப்பச்சி பேசலைன்னாலும் பரவாயில்லை, பக்கத்துல உக்காரச் சொல்லுங்க.

உங்க மக,
மெய்யம்மை