பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்த டிரைவருக்கு

பிரிஸ்டல் நண்பர்களுக்கு,

2024 ஆகஸ்ட் முதல் வாரத்தில் இங்கிலாந்தின் பல ஊர்களிலும் நம் பிரிஸ்டலிலும் குடியேறியவர்களுக்கு எதிராக நடந்த கலவரங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு மறுபடி எழுந்துபோய்ச் சரிபார்த்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

முதல் நன்றி ஒரு பஸ் டிரைவருக்கு. பெயர் தெரியாது. அறுபதை ஒட்டிய வெள்ளைக்காரர், கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தார். இரவு டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்துகொண்டிருந்தேன். என் ஸ்டாப்பில் பஸ் நின்றபோது, எதிரே பூட்டிய கடை வாசலில் நாலைந்து பையன்கள். சும்மா பேசிக்கொண்டிருந்தார்களோ என்னவோ, எனக்கு இறங்கக் கால் வரவில்லை. டிரைவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீடு எது என்று கேட்டார். கையைக் காட்டினேன். "போம்மா, நீ உள்ளே போய் லைட்டைப் போடு. அதுவரை வண்டியை எடுக்க மாட்டேன்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். சாவி துவாரத்தில் நுழையவே மாட்டேன் என்றது. ஹால் லைட் எரிந்த பிறகுதான் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. இறங்கும்போது டிரைவருக்கு நன்றியாக இந்த ஊரில் எல்லோரும் சொல்வதை அன்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்: சியர்ஸ் டிரைவ்!

அப்புறம், ஷிப்டை மாற்றிக்கொடுத்த வார்டு தோழிகள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா, தஞ்சம் கேட்டு வந்தவர்கள் தங்கியிருந்த ஹோட்டல் வாசலில் காவலாகக் கைகோத்து நின்றவர்கள், இனவெறிக்கு எதிராக ஓல்ட் மார்க்கெட் பகுதியில் திரண்டவர்கள் எல்லோருக்கும் நன்றி.

அந்த டிரைவர் சீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1963 வரை இந்த ஊர் பஸ் கம்பெனியில் நம்மைப் போன்றவர்களுக்குப் பட்டறையில், கேன்டீனில் வேலை உண்டு. பஸ்ஸில் டிரைவராகவோ கண்டக்டராகவோ ஆக முடியாது. பால் ஸ்டீவன்சன் என்ற இளைஞர் ஒரு பையனுக்கு இன்டர்வியூ வாங்கிக் கொடுத்தார். வருபவர் ஜமைக்காக்காரர் என்று தெரிந்ததும் இன்டர்வியூ ரத்து. ஸ்டீவன்சனும் ராய் ஹாக்கெட், ஓவன் ஹென்றி போன்றவர்களும் ஏப்ரல் 30 முதல் பஸ்ஸைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி இறங்கி வந்தது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே நாள். செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்த, வெள்ளையர் அல்லாத முதல் கண்டக்டர் ரக்பீர் சிங், நம் நாட்டு சீக்கியர். இனப் பாகுபாட்டுக்கு எதிரான பிரிட்டனின் முதல் சட்டம் 1965இல் வந்ததற்கு இந்தப் போராட்டமும் ஒரு காரணம் என்பார்கள். ஹாக்கெட் 2022இல் காலமானார். செயின்ட் பால்ஸ் பக்கம் போனால் அவருடைய சுவரோவியத்தைப் பாருங்கள்.

அவர்கள் நடந்தே வேலைக்குப் போய் வாங்கிக் கொடுத்ததில் நாம் உட்கார்ந்து போகிறோம். "நமக்கு எதுக்கு வம்பு" என்று இனியும் இருக்க எனக்கு மனமில்லை. இனவெறிக்கு எதிரான அடுத்த கூட்டத்துக்கு நானும் வருவேன்.

இன்னொன்று. தோலைப் பார்த்து ஒதுக்குவதைக் கண்டிக்கிற நாமே, புதிதாக வந்து ரூம் தேடும் தமிழ்ப் பிள்ளையிடம் "ஊர்ல எந்தத் தெரு, எந்த ஆளுங்க" என்று நூல் விட்டுப் பார்க்கிறோம். அறை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களின் விவரங்களை நம் சங்கத்தில் இனி நான்தான் வாங்கி வைக்கப்போகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்கும் வீட்டுக்கு யாரையும் அனுப்ப மாட்டேன். கோபம் வருகிறவர்கள் எனக்கே போன் செய்யுங்கள், பேசலாம்.