லாகின் பட்டியல் தவறான விவரம் காட்டுவது குறித்த புகார்

அனுப்புநர்
நிர்வாக மேலாளர்,
வரி ஆலோசனை மற்றும் கணக்குத் தணிக்கை அலுவலகம்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
கணினி நெட்வொர்க் பராமரிப்பு நிறுவனம்,
புதுச்சேரி.

பொருள்: எங்கள் அலுவலகக் கணினிகளில் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்பதைத் தங்கள் மென்பொருள் தவறாகக் காட்டுதல் – சரிசெய்து தரவும் எழுத்துப்பூர்வ விளக்கம் அளிக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் அலுவலகத்தின் சர்வரையும் கணினிகளையும் இணைத்துக் கொடுத்து, ஆண்டுப் பராமரிப்பையும் தங்கள் நிறுவனமே ஏற்றுள்ளது. பண்ருட்டி முந்திரி வணிகர்கள், முதுநகர் படகு உரிமையாளர்கள் எனப் பலருடைய பான் எண், வங்கி விவரம், ஜிஎஸ்டி கணக்குகள் அனைத்தும் அந்த சர்வரில்தான் இருக்கின்றன. எந்தக் கணினியில் யார் இருக்கிறார் என்பதை சர்வர் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கள் பிரதிநிதி உறுதி கூறியதால்தான், கூடுதல் கட்டணம் செலுத்தி அந்தக் கண்காணிப்பு மென்பொருளை வாங்கினோம்.

சென்ற மாதம் ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதிக்கு முந்தைய நாள், ஒரு முந்திரி வணிகர் கொள்முதலில் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்வதற்கான உள்ளீட்டு வரி வரவுத் தாளில் தொகை மாறியிருந்ததைக் கண்டோம். கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரம் மாலை 6.40 என்று இருந்தது. உடனே தங்கள் மென்பொருளின் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, எங்கள் இளநிலைக் கணக்காளர் ஒருவரின் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவரோ 5.30 மணிக்கே நெல்லிக்குப்பம் பேருந்து ஏறிச் சென்றிருந்தார். அவருடைய கணினி மாலையில் வந்த மின்தடையின்போது யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து அணைந்து, அதன்பின் யாரும் தொடாமல் அப்படியே கிடந்தது. அணைந்து கிடந்த கணினியில் ஆள் இருப்பதாகத் தங்கள் மென்பொருள் காட்டியது. அந்தப் பட்டியலை வைத்து மறுநாள் காலை பங்குதாரர் முன்னிலையில் அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. வணிகரே தொலைபேசியில் சொன்ன திருத்தத்தை முன்வரிசைக் கணினியிலிருந்து தாம்தான் பதிந்ததாக வேறொரு ஊழியர் தாமாக முன்வந்து சொன்ன பிறகே உண்மை தெரிந்தது. ஆனால் விளக்கம் கேட்கப்பட்ட அந்தக் கணக்காளர் பெண் அன்று அழுதுகொண்டு நின்றதை எங்களால் மறக்க முடியவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதை விசாரித்து அறிந்தே எழுதுகிறேன். விண்டோஸ் கணினியில் ஒருவர் உள்ளே நுழையும்போது அதன் பாதுகாப்புப் பதிவேட்டில் 4624 என்ற எண்ணிலும், வெளியேறும்போது 4634 அல்லது 4647 என்ற எண்ணிலும் பதிவு விழுகிறது. தங்கள் மென்பொருள் முதல் பதிவைக் கண்டதும் பச்சைப் புள்ளி வைக்கிறது. வெளியேறிய பதிவு வந்தால்தான் அதை எடுக்கிறது. மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் வெளியேறிய பதிவு விழ வழியே இல்லை. மறுபடி இயக்கும்போதுதான், எதிர்பாராமல் நின்றுபோனது என்று 6008 என்ற எண்ணில் ஒரு குறிப்பு எழுதப்படுகிறது. தங்கள் மென்பொருள் அதையும் கண்டுகொள்வதில்லை. 'தானே' என்ற பெயர் கொண்ட புயலைப் பார்த்த ஊர் இது. இங்கே மின்தடையைக் கணக்கில் கொள்ளாமல் ஒரு கண்காணிப்பு முறையை அமைத்துக் கொடுத்ததை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பதிவேட்டை மட்டும் நம்பாமல், உள்ளே யார் இருக்கிறார் என்பதை ஒவ்வொரு கணினியிடமும் 'குவரி யூசர்' கட்டளை மூலம் நேரடியாகக் கேட்டு, பதில் தராத கணினியை 'தொடர்பில் இல்லை' என்று காட்டியிருந்தால் இந்தப் பழி யார்மீதும் விழுந்திருக்காது.

இன்னொரு குறையும் அதே அளவுக்குக் கடுமையானது. முன்வரிசைக் கணினிகள் எல்லாவற்றுக்கும் தங்கள் பொறியாளர் ஒரே யூசர் பெயரையும் ஒரே பாஸ்வேர்டையும் வைத்துவிட்டுச் சென்றிருக்கிறார். உண்மையில் திருத்தம் செய்தவர் அந்தப் பொதுப் பெயரில்தான் இருந்தார். ஆகவே பட்டியல் சரியாகவே வேலை செய்திருந்தாலும் அவர் யார் என்பதைச் சொல்லியிருக்காது. ஆளுக்கொரு பெயர் இல்லாத இடத்தில் கண்காணிப்பு என்று எதைச் சொல்வது?

புகார் செய்தபோது, சர்வரை ரீஸ்டார்ட் செய்யுமாறு கூறிவிட்டு, அன்றே 'தீர்க்கப்பட்டது' என்று புகாரை முடித்துவிட்டார்கள். மறுபடி அழைத்தபோது, சர்வரில் 'நெட் செஷன்' கட்டளையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அது சர்வரின் பகிர்வுக் கோப்புறைகளோடு தொடர்பில் இருப்பவர்களை மட்டுமே காட்டும். கோப்பு எதையும் திறந்து வைக்காமல் 15 நிமிடம் சும்மா இருந்தால், வழக்கமான அமைப்பில் அந்தத் தொடர்பும் தானாகத் துண்டிக்கப்படும். தம் கணினியிலேயே நாள் முழுதும் வேலை பார்ப்பவர் அதில் வரவே மாட்டார். இதைத் தெரிந்தும் சொன்னார்களா, தெரியாமல் சொன்னார்களா என்பது எங்களுக்குப் புரியவில்லை.

அன்றைய பதிவேடுகளைப் பின்னர் கேட்டபோது, அவை மேலெழுதப்பட்டுவிட்டன என்றார்கள். கணினிகளில் பாதுகாப்புப் பதிவேட்டின் அளவு இயல்பாக உள்ள 20 எம்பியிலேயே விடப்பட்டிருக்கிறது; நிரம்பியதும் பழையவை அழிவது அதன் இயல்பு. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, எங்களைப் போன்ற நிறுவனங்களும் கணினிப் பதிவேடுகளை 180 நாள்களுக்குப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. பராமரிப்பை ஏற்ற தங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, பட்டியல் ஒவ்வொரு கணினியையும் நேரடியாகக் கேட்டுக் காட்டும்படி திருத்தித் தரவும், ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் பெயர் அமைக்கவும், பதிவேடுகள் 180 நாள்கள் தனி இடத்தில் சேமிக்கப்படவும் 15 நாள்களுக்குள் ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாதெனில் அந்த மென்பொருளுக்குச் செலுத்திய தொகையைத் திருப்பித் தர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, குறிப்பிட்ட அந்த மாலையில் தங்கள் பட்டியல் காட்டிய விவரம் தவறானது என்று தங்கள் நிறுவனத்தின் முத்திரையுடன் ஒரு கடிதம் வேண்டும். அதை அந்த ஊழியரின் பணிக் கோப்பில் வைக்க இருக்கிறோம்.

இம்மாதம் 20ஆம் தேதி வரை தாக்கல் வேலை இருப்பதால், பொறியாளரை அதற்கு மறுநாள் காலை அனுப்பிவைக்கவும். கடிதத்தை அதுவரை தாமதிக்காமல் உடனே அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிர்வாக மேலாளர்.