பயிற்சி மண்டபத்துக்குள் பிள்ளைகளின் விடைத்தாளும் வரட்டும்

மதிப்புக்குரிய ஆசிரிய ஆலோசகர்களுக்கு,

வணக்கம். சேவைக்காலப் பயிற்சிக்கு நாங்கள் கொப்பியோடு வருகிறோம், நீங்கள் சொல்வதை எழுதிக்கொண்டு போகிறோம். அதில் பயன் உண்டு. ஆனால் எங்களுக்குப் படிப்பிக்கக்கூடிய இன்னொரு தரப்பும் இருக்கிறது: எங்கள் பிள்ளைகள். அவர்களிடம் கற்றதைப் பேசவும் அங்கே இடம் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தரம் 10 விஞ்ஞானத்தில் விசைகளின் சமநிலை என்றால் கரும்பலகையில் ஒரு பெட்டியும் சில அம்புக்குறிகளும் கீறுவோம். வெளியே யாழ்ப்பாணத்து வடமராட்சி முழுக்க வாடைக்காற்றில் பட்டம் ஏறிக்கொண்டிருக்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஊரே அண்ணாந்து நிற்கும். பரீட்சையில் பின்னுக்கு நிற்கும் ஒரு பெடியன்தான் எனக்கு முச்சை (பட்டத்தை ஏற்றும் நூலோடு இணைக்கும் நூல்கட்டு) கட்டிக் காட்டினான். "காத்துக் கூடினால் மேல்நூலைக் கொஞ்சம் குறைக்கவேணும் ரீச்சர். பட்டம் முன்னுக்குச் சாயும், இழுவை குறையும். இல்லாட்டி நூல் அறும்." வால் குறைந்தால் குத்தும், கூடினால் ஏறாது. பட்டத்தில் கட்டும், காற்றில் ஒலிக்கும் விண்ணின் நாரை இறுக்கினால் சுருதி கூடும். ஒரு தவணைப் பாடம் அவன் விரலில் இருந்தது. நாங்கள் வைத்த பெயர்கள்தான் அவனிடம் இல்லை.

"எவ்வளவு குறைக்கவேணும்?" என்று கேட்டேன். அவன் அளவு சொல்லவில்லை. நூலை என் கையில் தந்து, "ஏத்திப் பாருங்கோ" என்றான். விடையை முந்திச் சொல்லிவிடாமல் மற்றவரைச் செய்து பார்க்கவிடும் அந்தப் பொறுமையை எந்தப் பயிற்சியிலும் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை. இப்போது என் வகுப்பில் பட்டம் முதலில் வரும், அம்புக்குறி அப்புறம்.

நிலத்தடி நீர் பாடமும் இப்படித்தான். எந்தக் கிணறு எப்போது உவர்த்தது என்று வலிகாமத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். தீவகத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் பவுசர் வரும் நாள் தெரியும்.

பிழையான விடைகளும் அப்படியே. 0.6 ஐ விட 0.45 பெரியது என்று எழுதும் பிள்ளையிடம் ஏன் என்று கேட்டால், "45 பெரிசுதானே" என்று சொல்லும். முழு எண்ணை வாசிக்கும் முறையிலேயே தசமத்தையும் வாசிக்கிறது. அது தெரிந்தால்தான் எங்கே திரும்பப் படிப்பிக்க வேண்டும் என்பது விளங்கும். சிவப்புப் பேனையால் கீறிவிட்டுப் போனால் அந்தக் கதவு மூடிவிடும்.

பாடத்திட்டம் முடிக்க வேண்டும், சாதாரணதரப் பெறுபேறு பார்க்கப்படும், தெரியும். பிள்ளையிடம் கேட்டால் மரியாதை போய்விடும் என்று தயங்கும் ஆசிரியர்களும் உண்டு. அந்தப் பட்டக்காரப் பெடியன் எனக்குச் சொல்லித் தந்த பிறகு வகுப்பில் முன்வரிசைக்கு வந்து இருக்கிறான், கேள்வி கேட்கிறான். மரியாதை எங்கும் போகவில்லை.

ஆகவே அடுத்த தவணைப் பயிற்சிக்கு எங்களை ஒரு கட்டு விடைத்தாளோடு வரச் சொல்லுங்கள், பெயர்களை மறைத்துத்தான். பிள்ளை ஏன் அப்படி எழுதியது என்று ஒரு மணித்தியாலமாவது சேர்ந்து பேசுவோம். மேற்பார்வைக்கு வரும்போது பாடக்குறிப்போடு சேர்த்து, "இந்தக் கிழமை பிள்ளைகள் என்ன கேட்டார்கள்?" என்றும் எங்களிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
வடமராட்சியில் இருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை