மேடையில் கைகோத்தால் போதுமா?

ஆசிரியர் ஐயா, வணக்கம்.

பல இனப் பண்பாடுகளைப் போற்றி வளர்த்தாலே நாட்டில் வன்முறை தலைதூக்காது என்று சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

போன மாதம் எங்கள் வட்டாரத்தில் மூன்று பள்ளிகளின் பிள்ளைகளைச் சேர்த்து ஒற்றுமை நடனம் ஆட வைத்தார்கள். என் பேத்திக்குப் பாவாடை தாவணி, ஒரு பக்கம் சீன உடையான சியோங்சாம், இன்னொரு பக்கம் மலாய் உடையான பாஜு குரோங். மூன்று வாரம் ஒத்திகை. ஆடி முடித்து வந்தவளிடம், உன் கையைப் பிடித்திருந்த பிள்ளையின் பேர் என்னம்மா என்றேன். "அந்தச் சீனப் பிள்ளையா? தெரியல தாத்தா" என்றாள்.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2006இல் எழுதிய நூலில் கேட்பதும் இதைத்தான். ஆளுக்கொரு பண்பாட்டுப் பெட்டி கொடுத்து வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு அதையே பன்மை என்கிறோமே, மனிதனை அவன் பிறந்த கூட்டத்தின் பெயரால் மட்டும் பார்க்கப் பழக்கினால் கலவரக்காரனுக்கும் அதே கண்தானே வரும் என்கிறார். 1944இல் டாக்காவில், சிறுவனாக இருந்த அவர் வீட்டு வாசலுக்குக் குத்துப்பட்டு ஓடிவந்தார் காதர் மியா என்ற கூலித் தொழிலாளி. இந்து முஸ்லிம் கலவர நேரம், போகாதீர்கள் என்று மனைவி தடுத்தும், வீட்டில் சாப்பாடு இல்லாததால் வேலை தேடி வந்தவர். குத்தியவர்களுக்கு அவர் ஒரு முஸ்லிம், அவ்வளவுதான். பசியோடு வந்த தகப்பன் என்பது கண்ணில் படவில்லை.

ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் சீவிய காலத்தில் கணக்கெழுதும் கிராணி பாலின் எடையைக் குறைத்தே எழுதுவார். ஒரு நாள் மலாய்க்கார லோரி ஓட்டுநர் எங்கள் வரிசையில் வந்து நின்று, ஆலையில் நிறுத்தால் பால் இதைவிட அதிகம் வருகிறதே, எப்படி என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எங்களுக்கு அவர் பண்பாடு ஒன்றும் தெரியாது, அவருக்கும் எங்களுடையது தெரியாது, ஆனால் அன்றையிலிருந்து அவர் எங்கள் ஆள்.

2001 மார்ச்சில் சிலாங்கூரின் கம்போங் மேடானில் மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த மோதலில் ஆறு உயிர் போனது. ஒரு பக்கம் கல்யாண வீடு, ஒரு பக்கம் துக்க வீடு, இரண்டும் ஏழைகளின் வீடு. அடுத்தவர் பண்டிகை தெரியாததாலா அந்தச் சண்டை? இட நெருக்கடியையும் வறுமையையும் விட்டுவிட்டு ஆட்டம் பாட்டத்தைப் பற்றியே பேசுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அதற்காக, அப்படியானால் தமிழ்ப்பள்ளி எதற்கு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தாய்மொழியில் படிப்பது எங்கள் பிள்ளைகளின் உரிமை, அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நான் கேட்பது சின்ன விஷயம்: அடுத்த ஒத்திகைக்குப் பிள்ளைகள் வரும்போது அரை மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து பீசாங் கோரேங் (வாழைப்பழப் பொரியல்) சாப்பிட விடுங்கள், சும்மா பேசட்டும். ஏற்பாட்டாளர்கள் கண்ணில் படும்படி இதைப் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா