பெரியப்பாவுக்கு, அந்தப் புழுவைப் பற்றி

அன்புள்ள பெரியப்பா,

போன வைகாசியில் வந்திருந்தபோது திண்ணையில் கிடந்த தடிப் புத்தகத்தைப் பார்த்து, "என்னல இது, தலவாணி மாதிரி? பரீட்ச எழுதப் போறியா?" என்று கேட்டீர்கள். நாவல் என்றேன். என்ன கதை என்றீர்கள். மழையே பெய்யாத ஒரு உலகம், முழுக்க மணல், அந்த மணலுக்கு அடியில் நானூறு மீட்டருக்கு மேல் நீளமான புழு ஓடும் என்று நான் ஆரம்பித்தேன். நீங்கள் வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "மழ பெஞ்சா அந்தப் புழு என்னல ஆவும்?" என்று கேட்டீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்விக்குப் போய்ச் சேர எனக்கு முந்நூறு பக்கத்துக்கு மேல் ஆகியிருந்தது. நீங்கள் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்தில் வந்துவிட்டீர்கள். அந்த எரிச்சலில் "செத்துப் போகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். அக்கா வாசித்துக் காட்டட்டும். நாலு பேர் படிக்கிற இடத்தில் போட்டிருக்கிறேன் என்று கோபப்பட வேண்டாம், பேர் எதுவும் போடவில்லை.

புத்தகத்தின் பேர் ‘டியூன்’. மணல்மேடு என்று அர்த்தம். நம்ம ஊரில் நின்று சொன்னால் தேரி. எழுதியவர் ஃபிராங்க் ஹெர்பர்ட். 1920-ல் அமெரிக்காவில் டகோமா என்ற ஊரில் பிறந்தவர், பத்திரிகைக்காரர். கதை நடப்பது இன்றிலிருந்து இருபதாயிரம் வருஷத்துக்கும் அப்பால். அவ்வளவு தூரம் போயும் அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. யோசிக்கிற இயந்திரத்தையெல்லாம் பழைய காலத்தில் ஒரு பெரும்போரில் ஒழித்துக்கட்டிவிட்டு, கணக்குப் போட மனுஷர்களையே பழக்கி வைத்திருக்கிறார்கள். ராஜா உண்டு, பாளையம் உண்டு, கப்பம் உண்டு, கூட இருந்தே காட்டிக் கொடுக்கிறவன் உண்டு. விண்வெளிக் கப்பலை எடுத்துவிட்டால் நம்ம பாளையக்காரர் கதைதான்.

அராக்கிஸ் என்ற அந்த மணல் கிரகத்தில் மட்டும் ஒரு சரக்கு கிடைக்கும். கருவாப்பட்டை வாசம் அடிக்கும். பேர் ஸ்பைஸ், மசாலா என்று வைத்துக்கொள்ளுங்கள். தின்றால் ஆயுசு கூடும். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு அது இல்லாமல் வழி தெரியாது. அதனால் அந்த மண்ணைப் பிடிக்க அடிதடி.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். 1957-ல் ஹெர்பர்ட் ஒரிகன் மாநிலத்துக் கடற்கரையில் ஃபுளோரன்ஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கே காற்றில் நகர்கிற மணல்மேடுகள் ரோட்டை, வீட்டை, ஏரியை மூடிக்கொண்டு வந்தன. அரசாங்கத்துக்காரர்கள் ஒருவகைப் புல்லை நட்டு அந்த மணலைக் கட்டிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பத்திரிகைக்குக் கட்டுரையாக எழுதப் போனவர், ‘நகரும் மணலை நிறுத்தினார்கள்’ என்று தலைப்பும் வைத்தார். கட்டுரை வெளிவரவே இல்லை. ஆனால் மணல் அவரை விடவில்லை. ஐந்தாறு வருஷம் பாலைவனம், மதம், அரசியல் என்று படித்துத் தள்ளி நாவலாக எழுதினார். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. கடைசியில் 1965-ல் அதைப் போட்டது, கார் ரிப்பேர் புத்தகங்களுக்குப் பேர்போன சில்டன் என்ற கம்பெனி. பம்புசெட் கையேடு போடுகிறவர் கம்பராமாயணம் போட்ட மாதிரி!

ஆக, இந்தப் பெரிய கதையின் வித்து மணலை நிறுத்துகிற ஒரு அரசாங்க வேலை. உங்கள் வேலை. ஆடியில் மேற்குக் காற்று கணவாய் வழியாக இறங்கி, குதிரைமொழித் தேரியைக் கிளப்பிக்கொண்டு வரும்போது, பனை மட்டையை வரிசையாக ஊன்றி, அதன் மறைவில் குழிபோட்டு, ஐப்பசி மழைக்குக் கொல்லாங்கன்று வைத்தீர்களே, அந்த வேலை. சின்ன வயசில் நான் பார்த்திருக்கிறேன். சட்டைப் பையில் மணல், காதில் மணல், சோத்துச் சட்டியைத் திறந்தால் அதிலும் சிவப்பாக ஒரு பொடி. பெரியம்மா உங்கள் காக்கிச் சட்டையை வாசலிலேயே உதறச் சொல்வாள்.

நாவலில் கைன்ஸ் என்று ஒரு ஆள் வருகிறார். அந்த ஊரின் பாரஸ்டர் என்றே சொல்லலாம். அவருடைய அப்பா ஆரம்பித்த வேலையைத் தொடர்கிறவர். முதலில் மணல்மேட்டின் காற்று படாத சரிவில் புல் நடுகிறார்கள். அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டதும் காற்று அடிக்கிற பக்கம் உயர்ந்துகொண்டே போகும். புல்லையும் கூடவே மேலே ஏற்றுகிறார்கள். மேடு ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல் போன பிறகு காற்றுப் பக்கம் முரட்டுப் புல். உலகம் பச்சையாக எத்தனை வருஷம் ஆகும் என்று சனம் கேட்க, முந்நூறிலிருந்து ஐந்நூறு என்கிறார் அந்த அப்பா. அவர்களும் சரி என்று நடுகிறார்கள்! நம்ம ஊரில் அடுத்த ஆடிட்டுக்குள் கன்று நிமிரவில்லை என்றால் மேலே இருந்து கேள்வி வந்துவிடும்.

புத்தகத்தைத் திறந்ததும் ஒரு சமர்ப்பணம் இருக்கிறது. வறண்ட நிலத்துச் சூழலில் வேலை செய்கிறவர்களுக்கு, அவர்கள் எங்கே இருந்தாலும், எந்தக் காலத்தில் இருந்தாலும், என்கிற மாதிரி. நான் அதைப் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு படித்தேன். விஞ்ஞானிகளைத்தான் மனதில் வைத்து எழுதியிருப்பார், தெரியும். வனத்துறை நட்ட கன்றுகளுக்குக் காவல் நிற்கிற பிளாட் வாட்சரையும், அதாவது உங்களையும், அந்த வரியில் சேர்த்துக்கொள்ள நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

பெரியம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு. கதாநாயகன் பால் என்ற பையன். அவன் குடும்பம் மழையும் கடலுமாகக் கிடக்கிற காலடான் என்ற கிரகத்திலிருந்து இந்த மணலுக்கு வருகிறது. பெரியம்மா ஆழ்வார்திருநகரியிலிருந்து வாக்கப்பட்டு வந்த மாதிரி. ஆத்தில் முங்கிக் குளித்து வளர்ந்தவளிடம், குளித்த தண்ணியை வாழைக்கு விடு என்று ஆச்சி சொன்னதற்கு மூன்று நாள் அழுதாளாமே. நாவலில் இன்னும் மோசம். ஒருத்தர் எதிரே துப்பினால் அது மரியாதை, தன் உடம்புத் தண்ணீரையே காணிக்கையாகக் கொடுக்கிறார் என்று அர்த்தம். (வெற்றிலை எச்சில் கணக்கில் வருமா என்று கேட்காதீர்கள்.) பாலைவனச் சனம் போடுகிற உடுப்பு வேர்வை, மூச்சு, மூத்திரம் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்தமாக்கித் திரும்பக் குடிக்கக் கொடுக்கும். பெரிய வீட்டு விருந்தில் கை கழுவும்போது வேண்டுமென்றே தண்ணீரைத் தரையில் சிந்துவார்கள், துண்டால் துடைத்துத் துண்டையும் அதிலேயே போடுவார்கள். அந்தத் துண்டைப் பிழிந்து வருகிற தண்ணீருக்குப் பிச்சைக்காரர்கள் வாசலில் காத்துக் கிடப்பார்கள். பாலின் அப்பா வந்து அதை நிறுத்துகிறார்.

இன்னொரு இடம். அவர்கள் குடியேறுகிற மாளிகைக்கு முன்னால் இருபது பேரீச்ச மரம் நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் அந்த மரங்களை முறைத்துக்கொண்டே போகிறார்கள். ஏன் என்று பாலின் அம்மாவுக்குப் புரியவில்லை. வைத்தியர் கணக்குச் சொல்கிறார். ஒரு மரத்துக்கு நாளைக்கு நாற்பது லிட்டர் தண்ணீர், ஒரு மனுஷனுக்கு எட்டு லிட்டர். ஒரு மரம் ஐந்து ஆள். இருபது மரம் நூறு ஆள். படித்ததும் நம்ம புறவாசல் பனைதான் ஞாபகம் வந்தது. அதற்கு யார் எந்தக் காலத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார்கள்? ஊற்றாத மரம்தான் விடிகாலையில் கலயம் நிறையப் பயினி கொடுக்கிறது, அதையும் பட்டை பிடித்துக் குடித்துவிட்டுப் புளிப்பு என்று குறை சொல்கிறோம். அந்த முற்றத்தில் பேரீச்சைக்குப் பதில் பனை நின்றிருந்தால் காட்சியே கெட்டிருக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். புழுவுக்குத் தண்ணீர் விஷம். குட்டியாக இருக்கும்போது அது தோல் மாதிரி ஒரு ஜந்து. மணலுக்கு அடியில் எங்கே ஈரம் இருந்தாலும் தேடிப்போய்ச் சுற்றி வளைத்து அடைத்துவிடும். அதனால்தான் மேலே காய்ந்து கிடக்கிறது. அந்த அடைப்புக்குள் நடக்கிற மாற்றத்தில்தான் ஸ்பைஸ் உண்டாகிறது. தப்பிப் பிழைக்கிற குட்டி பிறகு பெரும்புழுவாகிறது. அப்படியானால் பாருங்கள், அந்தச் சனம் தலைமுறை தலைமுறையாகக் கனவு காண்கிற மழை பெய்தால் புழு சாகும். புழு செத்தால் ஸ்பைஸ் இல்லை. ஸ்பைஸ் இல்லையென்றால் கப்பல் இல்லை. அதோடு, புழுவின் முதுகில் ஏறி ஓட்டுகிற, புழுவைச் சாமியாகக் கும்பிடுகிற அந்தச் சனமும் பழைய சனமாக இருக்காது. பின்னால் வருகிற புத்தகங்களில் அப்படியே ஆகிறது. நாலாவது புத்தகத்தில், மூவாயிரத்தைந்நூறு வருஷம் கழித்து, அராக்கிஸ் பச்சைப்பசேல் என்று கிடக்கிறது. பாலின் மகன் ஒருத்தன் புழுவாகவே மாறி ராஜாவாக உட்கார்ந்துகொண்டு பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். எனக்கு அங்கே தூக்கம் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சினிமா பார்த்துவிட்டு வருகிற பையன்கள் அவனைக் கும்பிடுகிறார்கள். ஹெர்பர்ட் எழுதினது அதற்கு இல்லை. அவதாரம் என்று ஒருத்தனைத் தூக்கி வைத்தால் என்னென்ன ஆகும் என்று காட்டத்தான் எழுதினார். 1969-ல் வந்த இரண்டாம் புத்தகத்தில் அந்த நாயகனின் பேரால் கோடிக்கணக்கில் சனம் செத்துக் கிடக்கிறது. முதல் கதையைத் தொடராகப் போட்ட பத்திரிகை ஆசிரியரே அதைத் தொடராகப் போட மாட்டேன் என்றுவிட்டார். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டியது வேறு. அந்த ஒரிகன் மணலில் நட்டார்களே புல், அது ஐரோப்பாவிலிருந்து கொண்டு வந்தது. நன்றாகப் பிடித்துக்கொண்டது. ரொம்ப நன்றாக. இப்போது திறந்த மணலே சுருங்கிக்கொண்டு வருகிறது. மணலில் முட்டையிடுகிற ஒரு சின்னப் பறவைக்கு இடம் இல்லை. அதனால் அதே ஒரிகனில் ஆட்கள் சேர்ந்து அந்தப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லி வண்டி வந்தபோது "நட்டவனும் அவந்தான், வெட்டுறவனும் அவந்தான்" என்று சிரித்தீர்களே, அதே கதை. அந்தக் கட்டுரை அன்றைக்கு வெளிவந்திருந்தால் ‘நிறுத்தினார்கள்’ என்பதோடு முடிந்திருக்கும். நாவலாக ஆனதால்தான் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது வரைக்கும் அவரால் போக முடிந்தது.

ஹெர்பர்ட் 1986 பிப்ரவரியில் இறந்துபோனார். ஆறாவது புத்தகம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கதை பாதியில் நிற்கிறது. அதே வருஷம் அக்டோபரில்தான் நம்ம திருநெல்வேலி ஜில்லாவை வெட்டித் தூத்துக்குடியைத் தனியாக ஆக்கினார்கள். தேரி அந்தப் பக்கம் போயிற்று. நீங்கள் இன்னமும் ஊர் கேட்டால் திருநெல்வேலிச் சீமை என்றுதான் சொல்கிறீர்கள்.

ஸ்பைஸ் என்று ஒன்று உண்டா என்று கேட்டால், நம்ம மண்ணைத்தான் காட்டுவேன். கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர்வெட்டு அன்றைக்கு, வெட்டின இளநீர் சிந்தின மண்ணுக்குச் சனம் எப்படி விழுந்தடித்துக்கொண்டு ஓடும்! துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு போய்ப் பெட்டியில் வைக்கும். 2007-ல் அதே சிவப்பு மண்ணில் டைட்டானியம் இருக்கிறது என்று சாத்தான்குளம் பக்கம் நிலம் எடுக்கப் பேச்சு வந்தது. ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பித் திட்டம் கிடப்பில் போயிற்று. அப்போது நீங்கள் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தேரிக்குப் போய்விட்டு இருட்டின பிறகு வந்ததாக அக்கா சொல்வாள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சுனைக்குத் தெற்கே ஒரு மேட்டில் மட்டும் நீங்கள் ஒரு கன்றுகூட வைக்கவில்லை. சுற்றிலும் கொல்லாவும் உடைமரமும் நிற்க, அது மட்டும் மொட்டையாக, சிவப்பாக. நாங்கள் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் உருண்டு விளையாடுவோம். ஒரு தடவை ரேஞ்சர் வந்து கேட்டபோது "அங்கன கன்னு புடிக்காதுய்யா" என்றீர்கள். நானும் அதை நம்பினேன். போன வைகாசியில் போய்ப் பார்த்தேன். மேட்டின் அடியில் ஒரு உடைமரம் தானாக முளைத்து இடுப்பளவு வந்திருக்கிறது. பிடிக்காமல் இல்லை, பெரியப்பா.

ஆவணியில் காற்று அடங்கினதும் வருகிறேன். அந்த மேட்டுக்கு ஒரு நடை போவோம். முட்டி வலித்தால் அக்காவின் ஸ்கூட்டரில் சுனை வரைக்கும் போய்விடலாம். அதற்கு மேல் டயர் புதையும், மெல்ல நடக்கலாம். புத்தகத்தையும் கொண்டு வருகிறேன். பெரியம்மாவிடம் சொல்லிக் கருப்பட்டி இரண்டு கிலோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். போன தடவை கொடுத்தது தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்